கெட்ட செய்தி மேனேஜரிடம் எப்போது போய்ச் சேருகிறது?

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் பாதுகாப்பு அதிகாரியாகப் போய்வருவது என் வேலை. நல்ல மேனேஜர் யார் என்று பயிற்சிகளில் அடிக்கடி கேட்பார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு கோளாறு கண்ணில் பட்டால், தொழிலாளி அதை எவ்வளவு சீக்கிரம் அவரிடம் போய்ச் சொல்கிறார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் நடந்தது இது. செம்பனைப் பழக்குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசர் கலனுக்குள் நீராவி ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் இருக்கும். கதவு ரப்பர் வளையத்தில் கசிவு. இரவு ஷிப்டில் ஒருவருக்குக் கை முழங்கை வரை வெந்துவிட்டது. விசாரிக்கப் போனபோது, அந்தக் கசிவை இரண்டு நாளைக்கு முன்பே பார்த்ததாக அவருடைய கூட்டாளி சொன்னார்.

"அப்புறம் ஏன் தம்பி சொல்லல?"

"போன மாசம் வேற ஒரு கோளாற சொன்னேன், அண்ணே. 'மிஷினை நிறுத்திட்டு குலையை உன் வீட்ல வச்சு அவிப்பியா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. அதோட சரி."

அந்த மேனேஜர் கெட்டவர் இல்லை. அறுத்த குலை காத்துக் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். தலைமை அலுவலகம் டன் கணக்கைக் கேட்டபடியே இருக்கும். அந்த நெருக்கடியில் வாய்தவறி வந்த ஒரு பேச்சு. ஆனால் அன்றைக்கு அங்கே நின்ற பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தில் கீறிப் பால் எடுப்பவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்பார். குறை எதுவானாலும் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்ல வேண்டும். மண்டோர் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம், கிராணி தோட்ட மேனேஜரான துரையிடம். போகிற வழியிலேயே பாதி சொல் கரைந்துவிடும். தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், மேலே இருப்பவரிடம் நேரே பேசக்கூடாது என்ற அந்தக் கூச்சம் நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து, பெர்மிட் முதலாளி கையில் இருக்க வேலை பார்க்கும் தம்பிகளுக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். அவர்கள் தாமாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் விபத்துதான் முதலில் வரும். மேனேஜர்தான் இறங்கிப் போய்க் கேட்க வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, ஆபத்தைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போகிறது: உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு கட்டாயம். ஆனால் பல குழுக் கூட்டங்களில் தொழிலாளர் பிரதிநிதி மைலோ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரை இரண்டு வார்த்தை பேச வைப்பது மேனேஜரின் பொறுப்பு.

அதைச் செய்கிற ஒருவரை எனக்குத் தெரியும். காலையில் "நேத்து எத்தனை டன்?" என்று கேட்பதற்கு முன், "நேத்து எங்க சிக்கல்?" என்று கேட்பார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. சொன்னவர் பெயரோடு எழுதிக்கொள்வார். மறுநாள் அதே ஆளிடம் போய்ப் பதில் சொல்வார். பதில் இல்லாத நாளிலும் போவார்: "சாமான் இன்னும் வரல, வெள்ளிக்கிழமை வரும். அதுவரைக்கும் மூணாம் நம்பரைத் தொடாதீங்க." மூன்றாம் நம்பர் நின்றால் அவருக்கு மேலிடத்தில் திட்டு விழும். அதை அவர் வாங்கிக்கொள்வார். கீழே இறக்கிவிட மாட்டார்.

போன மாதம் அவர் அறையில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு நேபாளித் தம்பி கதவருகே வந்து தயங்கி நின்றார். மேனேஜர் போனில் இருந்தார். "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டு எழுந்தார். தம்பிக்கு மலாய் சரியாக வரவில்லை. கையால் ஒரு கம்பி ஆடுவது போலக் காட்டினார். மேடைக் கைப்பிடி போல. மேனேஜர் நோட்டை எடுத்துக்கொண்டு, "ஜோம், துஞ்சோக்" (வா, காட்டு) என்று மலாயில் சொன்னபடி அவர் பின்னால் நடந்தார். நானும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.