கயாக்கில் உயிர் இரைத் தொட்டி: மூக்குச் சிவந்த மீன் சொல்வது

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் மீன்பிடிக்கப் போகும்போது, இரை மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டியைத் திறந்ததும் மீனின் மூக்கு நுனியைப் பாருங்கள். சிவந்து தோலுரிந்திருந்தால் குறை பம்பில் இல்லை, தொட்டியின் மூலையில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் யெல்லோடெயில் என்னும் பெரிய கடல் மீனுக்கு இரையாகும் கானாங்கெளுத்தி, ஓயாமல் நீந்தினால்தான் செவுளுக்குத் தண்ணீர் போகும். சதுரப் பெட்டியில் விட்டால் மூலைக்கு மூலை முட்டிக்கொண்டே சாகும். ஐஸ்பெட்டியைத் தொட்டியாக்குகிறவர்கள் முதலில் தோற்பது இங்கேதான்.

திருகுமூடி உள்ள 30 லிட்டர் உருண்டை டிரம் போதும். 15 சென்டிமீட்டர் மீன் எட்டுப் பத்துக்கு மேல் வேண்டாம். வெயிலேறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். கடல்நீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிகிராம், 30 டிகிரியில் 6.2 தான்.

மணிக்கு 1,360 லிட்டர் தள்ளும் 12 வோல்ட் பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்ப்) தாராளம். குழாய் உள்ளே நுழையும் இடத்தில் முழங்கை இணைப்பு (எல்போ) பொருத்தி, தண்ணீர் சுவரோரமாகச் சுழலும்படி திருப்புங்கள். வரும் குழாய் 19 மில்லிமீட்டர் என்றால் போகும் குழாய் 38 இருக்கட்டும். உள்ளே தள்ள மோட்டார் உண்டு. வெளியே இழுக்கப் புவியீர்ப்பு மட்டும்தான். இரண்டும் ஒரே அளவானால் மூடி வழியாக வழிந்து உங்கள் முதுகை நனைக்கும். வடிகால் வாயில் உதிர்ந்த செதில் அடைக்காதபடி பெரிய துளையுள்ள சல்லடை வையுங்கள்.

டிரம் பாலிஎத்திலீன். அதில் சிலிகானும் ஒட்டாது, பிவிசி பசையும் ஒட்டாது. ரப்பர் வாஷரும் நட்டும் கொண்ட டேங்க் நிப்பிள் போட்டு இறுக்குவதே வழி. பித்தளை நிப்பிள் வேண்டாம், செம்பு மீனுக்கு விஷம். பம்ப் எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஹோஸ் நடுவில் தொங்கி வளைந்தால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது.

பம்ப் 2 ஆம்பியர் இழுத்தால் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரியின் பாதித் திறன் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 10 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும். பம்ப் மேல் அச்சிட்ட அளவிலேயே பியூஸ், அதுவும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள். பாசி சிக்கி மோட்டார் நின்றுபோனால் மின்னோட்டம் பல மடங்கு ஏறும். பியூஸ் இல்லாவிட்டால் உருகுவது ஒயர்.

எடைக் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. 25 லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ இருபத்தைந்தரைக் கிலோ. பாதி நிரப்பினால் பாரம் குறையும்தான், ஆனால் ஆபத்து கூடும்: கயாக் சாயும் பக்கமே தண்ணீரும் ஓடும். வடிகாலை மூடிக்கு மூன்று விரல் கீழே வைத்தால் அலம்புவதற்கு இடமிருக்காது. தொட்டி இருக்கைக்குப் பின்னால் தாழ்வாக, இரண்டு பட்டையால் கட்டப்பட்டிருக்கட்டும்.

கரையோர அலையைக் கடந்து போகும்போது தொட்டி காலியாகவே இருக்கட்டும், அதற்கப்பால் நிரப்பிக்கொள்ளலாம். திரும்பும்போதும் அலை உடையும் இடத்துக்கு முன்பே அடிச்செருகைப் பிடுங்கிவிடுங்கள். மீதி இரை போனால் போகட்டும்.