எண்ணில் பாதியை மட்டும் படித்துவிட்டு சென்சார் வாங்காதீர்கள்

வாளையாற்றிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், கஞ்சிக்கோட்டுக்கு அருகே, கனரக வாகனங்களுக்கு மின்பழுது பார்த்து வருகிறேன். சென்ற ஆடி மழையில் சங்ககிரியிலிருந்து கொச்சிக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற பதினான்கு சக்கர லாரி ஒன்று பட்டறை முன் வந்து நின்றது. "ஏனுங்க, ரெண்டு எடத்துல சென்சார் மாத்தியாச்சு, லைட்டு அணைய மாட்டேங்குது. ஃபேன் வேற ஓயாம சுத்தி டீசலக் குடிக்குதுங்க" என்றார் ஓட்டுநர். அவர் நீட்டிய சீட்டில் '110' என்று மட்டும் எழுதியிருந்தது.

எழுத வேண்டியதில் பாதிதான் அது. பெரும்பாலான கனரக வாகனங்களின் கணினிகள் 'எஸ்.ஏ.இ. ஜே1939' என்ற பொது விதிப்படி ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்த விதியில் ஒவ்வொரு பழுதுக் குறியீடும் இரண்டு எண்களால் ஆனது. எஸ்.பி.என். எனப்படும் முதல் எண் எந்த அளவு அல்லது எந்த மின்சுற்று என்பதைச் சொல்லும், எஃப்.எம்.ஐ. எனப்படும் இரண்டாவது எண் அதில் என்ன கோளாறு என்பதைச் சொல்லும். 110 என்றால் எஞ்சின் குளிர்நீரின் வெப்பநிலை. அதனுடன் 0 வந்தால் நீர் உண்மையாகவே அபாய அளவைத் தாண்டிக் கொதிக்கிறது என்று பொருள். வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தியே ஆகவேண்டும். அதே 110 உடன் 3 வந்தால் சென்சார் சுற்றில் மின்னழுத்தம் இருக்கவேண்டியதைவிடக் கூடியிருக்கிறது, 4 வந்தால் குறைந்திருக்கிறது. நீர் கொதிக்கிறது என்பதற்கு இவை இரண்டும் சான்று ஆகா. 'பி' (P) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறியீடுகளைக் காட்டும் வண்டிகளிலும் இதே வேறுபாடு உண்டு. பி0217 எஞ்சின் மிகைச்சூட்டைக் குறிப்பது. பி0117, பி0118 ஆகியவை சென்சார் சுற்றைக் குறிப்பவை. முதல் பாதியை மட்டும் ஃபோனில் கேட்டுக்கொண்டு "சென்சாரை மாற்றிவிடு" என்று உத்தரவிடும் முதலாளிகளால் சென்சார் விற்பவருக்குத்தான் லாபம்.

அந்த லாரியில், குறியீடுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனர் காட்டியது 110, 4. இந்த வகைச் சென்சாரில் இரண்டே கம்பிகள்தாம். கணினி அனுப்பும் 5 வோல்ட், சென்சாரின் மின்தடைக்கு ஏற்ப இறங்குவதைக் கொண்டே வெப்பநிலை கணக்கிடப்படுகிறது. ஆகவே சென்சாரைக் கம்பியோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றிச் சுற்றைத் திறந்துவிட்டால் மின்னழுத்தம் மேலேறி, 4 என்ற எண் 3 ஆக மாறவேண்டும். மாறினால் கம்பியும் கணினியும் நலம், சென்சார்தான் பழுது. இங்கே கப்ளரைக் கழற்றிய பின்னும் 4 அசையவில்லை. அப்படியானால் கம்பி வழியில் எங்கோ எர்த் ஆகிறது. வயரிங்கைத் தடவிக்கொண்டே போனதில், இரும்புப் பிராக்கெட் ஒன்றின் விளிம்பில் உரசி உறை தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்த இடம் கிடைத்தது. சேறு அப்பியிருந்ததால் கண்ணுக்குப் புலப்படவில்லை. விரலுக்குத்தான் முதலில் தட்டுப்பட்டது. வெப்பநிலை தெரியாத கணினி பாதுகாப்புக்காக விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தது. புதுச் சென்சார்கள் இரண்டிலும் குறை எதுவும் இருந்திருக்காது.

ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு குறியீடுகள் வந்தால் பலர் மிரண்டுபோகிறார்கள். என் அனுபவத்தில் அதுவே எளிதான வேலை, ஏனெனில் பத்துப் பாகங்கள் ஒரே நாளில் கெடுவது அரிது. முதலில் 168 இருக்கிறதா என்று பார்ப்பேன். அது பேட்டரி மின்னழுத்தம். டெர்மினல் தளர்ந்தோ எர்த் கம்பி துருப்பிடித்தோ இருந்தால், ஸ்டார்ட் செய்யும் நொடியில் மின்னழுத்தம் விழுந்து கணினிகள் தடுமாறி, தொடர்பில்லாத குறியீடுகளையெல்லாம் பதிந்துவிடும். 3509 இருந்தால் பல சென்சார்களுக்குப் பொதுவாகப் போகும் 5 வோல்ட் இணைப்பில் சிக்கல்; ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் மற்றவையும் சேர்ந்து பொய் சொல்லும். இரண்டாவது எண் 9 அல்லது 19 என்று பல இடங்களில் வந்தால் கணினிகளுக்கு இடையேயான கேன் லைனைப் பார்க்கவேண்டும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, கேன் லைனின் இரு கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்டவேண்டும், ஏனெனில் இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் மின்தடைகள் இணையாகச் சேர்ந்தால் பாதிதான் காட்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது.

2020 ஏப்ரல் முதல் நாளில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் அடிக்கடி காண்பது 4364, 18. புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பின் திறன் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். உடனே, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் விலை உயர்ந்த நாக்ஸ் சென்சாரின் மேல் பழி விழுகிறது. நானோ முதலில், புகையைச் சுத்திகரிக்க அதில் தெளிக்கப்படும் யூரியாக் கரைசலில் ஒரு துளி எடுத்து, செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்ப்பேன். கரைசலில் யூரியா 32.5 விழுக்காடு இருக்கவேண்டும். வழியில் மலிவாக வாங்கியதோ, குழாய்த் தண்ணீர் கலந்ததோ அங்கேயே தெரிந்துவிடும்.

என்னை உண்மையிலேயே எரிச்சலூட்டுவது, குறியீட்டைக் குறித்துக்கொள்ளாமலேயே அழித்துவிடும் பழக்கம். ஸ்கேனரில் இப்போது உள்ள பழுதுகளும், முன்பு வந்துபோன பழுதுகளும், எத்தனை முறை வந்தன என்ற எண்ணிக்கையும் தனித்தனியே இருக்கும். குலுங்கினால் மட்டும் விட்டுப்போகும் கப்ளரைக் கண்டுபிடிக்க அந்த எண்ணிக்கைதான் துணை. வேறொரு பட்டறையில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வந்த டிப்பர் ஒன்றில், பழுது மறுபடி தோன்றுவதற்காகவே ஓட்டுநருடன் ஆலத்தூர் வரை போய்வந்தேன். அன்று வந்த சம்பளம் அலைச்சலுக்குத்தான். பழுது பார்த்தது அரைமணி நேரம்.

எல்லையைக் கடந்து வரும் ஓட்டுநர்களிடம் தமிழ், மலையாளம், இந்தி என்று பல மொழிகளில் பேச வேண்டியிருக்கிறது. எண் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. ஆகவே டாஷ்போர்டில் விளக்கு எரிந்தவுடன் இரண்டு எண்களும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எரிவது சிவப்பா மஞ்சளா, அப்போது வண்டி மேட்டில் ஏறியதா, மழையில் நின்றிருந்ததா, கழுவிவிட்டு எடுத்ததா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். சிவப்பு எரிந்தால் படத்துக்கு முன் வண்டியை நிறுத்துங்கள்.