‘செயலில் உள்ள கரு’ என்று எழுதாதீர்கள்

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக் கண்காட்சியில் எம்77 என்னும் விண்மீன் மண்டலத்தின் படத்துக்குக் கீழே ‘செயலில் உள்ள கருவைக் கொண்ட சுழல் விண்மீன் மண்டலம்’ என்று ஒட்டியிருந்தார்கள். அப்படியென்றால் என்ன பிள்ளே என்று அங்கே நின்ற மாணவியிடம் கேட்டேன். “மற்றதெல்லாம் செத்துப்போச்சு சார், இது இன்னும் ஓடுது” என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அந்தத் தொடரைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். செய்தியிலும் யூடியூபிலும் இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

‘ஆக்டிவ் கேலக்டிக் நியூக்ளியஸ்’ என்ற ஆங்கிலத் தொடரைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். அதன் வேர் எளிது. கேலக்சி, பாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆக்டிவ், ‘செய்’ என்னும் லத்தீன் வினையிலிருந்து. நடுப்பகுதி மட்டும் அசாதாரணமாக ஒளிரும் இவ்வகை மண்டலங்களை 1943-இல் அமெரிக்க வானியலாளர் கார்ல் சீஃபர்ட் ஆராய்ந்து எழுதினார், அவர் பெயரே வகைக்கும் நிலைத்தது.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது? நடுவிலிருக்கும் பெருங்கருந்துளையை நோக்கி வாயு சுற்றிச் சுற்றி விழுகிறது, விழும்போது ஒன்றோடொன்று உரசிக் கொதித்து ஒளிர்கிறது, அருகிலுள்ள வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதால் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலைக் கோடுகளே அகன்று தெரிகின்றன. நம் பால்வழியின் நடுவிலும் சுமார் 40 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அதற்கு இரை குறைவு, அதனால் மங்கல், அவ்வளவுதான். அதைச் ‘செயலற்றது’ என்பீர்களா? ‘செயலில் உள்ளது’ வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் பொருந்தும், அங்கே உண்டு, இல்லை என இரண்டே நிலை. இங்கே கூடுவதும் குறைவதும் உண்டு.

‘முனைப்பான கரு’ என்று எழுதும் தூய தமிழ் அன்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. முனைப்பு மனம் உள்ளவர்க்கு. ‘கிளர்வுற்ற’ என்பதோ அணுவின் ஆற்றல் நிலைக்கு ஏற்கெனவே போய்விட்டது. ‘கரு’வும் வேண்டாம், பக்கத்திலேயே கருந்துளை என்று வரும்போது கறுப்பா, சினையா என்று படிப்பவர் தடுமாறுவார். நான் சொல்வது ‘கனல் மையம்’. விளவங்கோடு, கல்குளம் பக்கம் அடுப்பில் சிவந்து கிடப்பதைக் கனல் என்றுதானே சொல்கிறோம்? வெப்பத்தால் ஒளிர்வது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஊதினால் கூடும், விட்டால் மங்கும்.

அப்புறம் அந்தச் ‘சுழல்’. தட்டு வடிவ மண்டலங்கள் எல்லாமே சுழல்கின்றன, நடுவிலிருந்து வளைந்து நீளும் கைகளே இல்லாதவையும்கூட. இங்கே சொல்ல வந்தது கைகள் வளைந்த வடிவத்தை, ஆகவே சுருள். கல்யாணத்துக்கு மொய்ப்பணத்தைச் சுருள் என்று சொல்லி வைக்கிற ஊரில் அந்தச் சொல்லுக்கா பஞ்சம்? மொழிபெயர்ப்பவர்கள் பொருளை ஒருமுறையாவது பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடலாம். அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டிவிட்டு, தமிழில் அறிவியல் புரியவில்லை என்று பிள்ளைகள்மேல் பழி போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.