சார்ஜரில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் போதாது

இந்த மாதமும் கருகிய பேட்டரி பேக் ஒன்று என் மேசைக்கு வந்துவிட்டது. ரோபோ போட்டிக்காகக் கல்லூரி மாணவர்கள் கட்டியது. மூன்று லித்தியம் அயான் செல்களைத் தொடராக இணைத்து, மோட்டார் சைக்கிள் பேட்டரியின் சார்ஜரை மாட்டியிருக்கிறார்கள். "இரண்டுமே 12 வோல்ட்தானே சார்?" என்ற அதே கேள்வி.

தம்பிகளே, மல்டிமீட்டரை எடுத்து அந்த சார்ஜரை அளந்து பாருங்கள். வண்டியின் லெட் ஆசிட் பேட்டரியை அது 14.4 வோல்ட் வரை ஏற்றும். அந்த பேட்டரிக்கு அது சரி. உங்கள் பேக் 12.6 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும். செல்லுக்கு 4.2, அவ்வளவுதான். 14.4ஐ மூன்றால் வகுத்தால் 4.8. அந்த மின்னழுத்தத்தில் செல் சூடேறித் தீப்பிடித்தால் அதில் வியப்பில்லை. 12 வோல்ட் என்றே கடையில் விற்கும் நான்கு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக்கோ 14.6 வரை போகும். அதன் சார்ஜரும் உங்களுக்கு ஆகாது.

"பிஎம்எஸ் போர்டு, அதாவது பேக்கைக் காக்கும் சுற்றுப் பலகை, பார்த்துக்கொள்ளாதா?" என்கிறார்கள். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. அது வீட்டு ஃபியூஸ் மாதிரி, ஆபத்தில் துண்டிப்பதற்கு. பல போர்டுகள் 4.25 வோல்ட்டைத் தாண்டிய பிறகே துண்டிக்கின்றன. அதை நம்பி தினமும் சார்ஜ் செய்தால் செல்லைத் தினமும் மிகையாக ஏற்றுகிறீர்கள். அதில் துண்டிக்கும் சுவிட்சாக உள்ள மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகிவிடும், மின்சாரம் நிற்காமல் ஓடும். பிறகு துண்டிக்க எதுவுமில்லை.

ஃபர்ம்வேர், அதாவது பேக்கைக் கண்காணிக்கும் சிப்புக்கான நிரல், எழுதுபவர்களுக்கு: மொத்த வோல்டேஜை மட்டும் அளக்காதீர்கள். செல்கள் 4.0, 4.2, 4.4 என்று பிரிந்து நின்றாலும் கூட்டினால் 12.6தான் வரும். ஒவ்வொரு செல்லையும் தனியே அளந்து பாருங்கள். சார்ஜை நிறுத்தும் முடிவை நிரலிடம் மட்டும் விடாதீர்கள். நிரலை ஓட்டும் மைக்ரோகண்ட்ரோலர் சிப் உறைந்து நின்றாலும் தானே துண்டிக்கும் சுற்று வேண்டும்.

பேக்கின் செல் வகையையும் எண்ணிக்கையையும் டேப் ஒட்டி எழுதுங்கள். அதற்கென்றே உள்ள சார்ஜரை வாங்குங்கள். கட்டிய பேக்கின் விலையை நினைத்தால் அது பெரிய செலவில்லை. பழைய லேப்டாப் செல்லையும் புதிய செல்லையும் கலந்து கட்டாதீர்கள். செல்லில் நேரடியாகச் சால்டரிங் வைக்காதீர்கள், ஸ்பாட் வெல்டிங் செய்யுங்கள். விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதை மட்டுமாவது இன்றே நிறுத்திவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.