ஹாஷிமோட்டோ தைராய்டு: உப்பு ஜாடி முதல் காலைக் காபி வரை

ஒன்பது வருடத்துக்கு முன்னால், இரண்டாவது பிரசவம் முடிந்து ஏழெட்டு மாதத்தில், எனக்கு டி.எஸ்.எச். 11 என்று வந்தது. தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது, தைராய்டு மந்தமானால் ஏறும். கூடவே எடுத்த ஆன்டி டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்) அளவும் மேல் எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது. ஹாஷிமோட்டோ என்றார் டாக்டர், உடம்பின் எதிர்ப்புப் படையே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிற நோய். அந்த வாரமே அயித்தை, "அயோடின் உப்பு ஆகாது, இந்துப்புக்கு மாறிடு" என்றார். எதிர் வீட்டு அக்கா, "அயோடின் பத்தாமத்தான் தைராய்டு வருது, கடற்பாசி கேப்ஸ்யூல் வாங்கிப் போடு" என்றார். இரண்டு பேரும் என் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். ஆனால் ஒருவர் அயோடினைக் குறைக்கச் சொல்கிறார், இன்னொருவர் கூட்டச் சொல்கிறார், ஒரே நோய்க்கு இரண்டும் எப்படி மருந்தாகும்? அந்தக் குழப்பத்தில்தான் இந்தச் சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். அது புரிந்தால், யார் என்ன வைத்தியம் சொன்னாலும் அது உடம்பில் எந்த இடத்தில் போய் வேலை செய்யும், செய்யாது என்று நாமே ஓரளவு யோசித்துவிடலாம்.

தைராய்டு கழுத்தில் குரல்வளைக்குக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி, ஏறக்குறைய 20 கிராம் எடையில் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுதான் ஞாபகம் வரும். கானாடுகாத்தானிலோ கோட்டையூரிலோ ஒரு வீட்டுக்குள் போனால் நடுவில் வளவு என்கிற முற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள், அறைக் கதவுகள் வளவைப் பார்த்துத் திறந்திருக்கும், இல்லையா? தைராய்டு முழுக்க இப்படி லட்சக்கணக்கான குட்டி வளவுகள். சுற்றிலும் ஒரு வரிசை செல்கள், நடுவில் கூழ் போன்ற திரவம். இந்தச் செல்கள் தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தைச் செய்து நடு வளவில் சேர்த்து வைக்கின்றன. ரத்தத்தில் வரும் அயோடினையும் இழுத்து அதே பக்கம் தள்ளுகின்றன. வளவைப் பார்த்த சுவரில் ஒரு நொதி இருக்கிறது, பெயர் தைராய்டு பெராக்சிடேஸ், ரிப்போர்ட்டில் டி.பி.ஓ. என்று வருவது இதுதான். அயோடினைப் புரதத்தில் ஒட்டுவது இதன் வேலை. இப்படி உருவாகிற தைராய்டு ஹார்மோனில் நான்கு அயோடின் இருந்தால் டி4, மூன்று இருந்தால் டி3. இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையான சரக்கு எப்போதும் வளவில் இருப்பில் இருக்கும்.

இந்த ஒட்டு வேலைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். ஆமாம், புண் கழுவுகிற அதே பொருள்தான், செல்லே அதைத் தயாரித்துக்கொள்கிறது. தேவைக்கு மேல் மிஞ்சினால் அது செல்லையே அரித்துவிடும் என்பதால், மிச்சத்தைத் துடைத்தெடுக்க செலினியம் உள்ள நொதிகளும் அங்கேயே இருக்கின்றன. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

1912இல் ஜப்பானில் ஃபுகுவோகாவைச் சேர்ந்த ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் மருத்துவர், நான்கு பெண்களிடமிருந்து அறுவை சிகிச்சையில் எடுத்த தைராய்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றுக்குள் நோய் எதிர்ப்பு அணுக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறியிருப்பதை எழுதினார். உடம்பே தன் சுரப்பியைத் தாக்குகிறது என்பது 1956இல்தான், லண்டனில் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் கண்டபோது உறுதியாயிற்று. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏழு முதல் பத்து மடங்கு அதிகம் வருகிறது. குடும்ப வழியாகவும் வரும்.

வளவையும் அறைகளையும் உடைக்கிற வேலையை முக்கியமாகச் செய்வது டி அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் படை. ரிப்போர்ட்டில் நாம் பயந்து பயந்து பார்க்கிற ஆன்டி டி.பி.ஓ. எதிர்ப்பொருள், பெரும்பாலும் அந்தப் படை வந்து போனதன் காலடித் தடம். ஆகவே "மூன்று மாதத்தில் ஆன்டிபாடியை 900இலிருந்து 300ஆகக் குறைத்தேன்" என்று யாராவது சொன்னால் நான் சந்தோஷப்படுவேன், ஆனால் அடுத்த கேள்வி, டி.எஸ்.எச். என்ன ஆயிற்று, சோர்வு குறைந்ததா என்பதாகத்தான் இருக்கும். அந்த எண் தானாகவே ஏறி இறங்கக்கூடியது. ஆன்டி டி.பி.ஓ. இருக்கிறது என்று ஒரு முறை தெரிந்துவிட்டால், மாதா மாதம் அதை எடுத்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்ந்தது. சுவர் உடையும்போது வளவில் இருந்த சரக்கு மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். சில வாரங்கள் படபடப்பு, எடை குறைதல், தூக்கமின்மை. இருப்பு தீர்ந்ததும் நேர் எதிராக உடம்பு வீங்கினாற்போல, மலச்சிக்கல், முடி உதிர்வு, எந்நேரமும் குளிர். பிரசவத்துக்குப் பின் இப்படி வருகிற பலருக்குச் சுரப்பி தானாகவே திரும்பி எழுந்துவிடுகிறது. டி.எஸ்.எச். கொஞ்சம் மட்டும் ஏறியிருக்கிறவர்களிலும், எதுவும் செய்யாமலே சில மாதத்தில் சரியாகிவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சமயத்தில் அவர்கள் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களோ குணமாக்கிய பேர் அதற்குப் போய்ச் சேரும், பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. டி.எஸ்.எச். 10க்குக் கீழே, தொந்தரவும் இல்லை, கர்ப்பமும் இல்லை என்றால் இரண்டு மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டர்களே சொல்வதும் இதனால்தான். எனக்கு அப்படித் திரும்பி வரவில்லை, தைராய்டு ஹார்மோன் மாத்திரை போட வேண்டி வந்தது.

சரி, உப்புக்கு வருவோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 250. கடையில் வாங்கும் அயோடின் உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம், அதாவது பத்து கிராம் உப்பில் 150 மைக்ரோகிராம். சமைக்கும்போது கொஞ்சம் போகும், அதனால் இறக்கும் நேரத்தில் உப்புப் போடுவது நல்லது, ஜாடியை மூடி வைப்பதும் நல்லது. நம் பக்கத்துச் சமையலறைகளில் பீங்கான் ஜாடி நிறையக் கல்லுப்பு இருக்கும், சமையலுக்கு அதுதான் ருசி என்பார்கள். அந்தக் கல்லுப்பில் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதே இல்லை, வீடு முழுக்க அதற்கு மாறினால் வளர்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பற்றாக்குறை வரும், எனக்கு அதுதான் பயம்.

அப்படியானால் கடற்பாசி கேப்ஸ்யூல்? அது இதைவிட மோசம். 1948இல் வுல்ஃப், சைகாஃப் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைப் பார்த்தார்கள்: அயோடின் திடீரென்று அளவுக்கு மீறி வந்தால் தைராய்டு ஹார்மோன் செய்வதையே நிறுத்திவிடுகிறது. நல்ல சுரப்பி என்றால் சில நாளில் சமாளித்து மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். ஹாஷிமோட்டோ வந்த சுரப்பிக்குப் பல நேரம் அந்தச் சமாளிப்புத் திறன் இருக்காது, மூடிய கடை மூடியபடியே கிடக்கும். தவிர, அயோடின் நிறைய ஏறிய தைரோகுளோபுலின் எதிர்ப்புப் படையின் கண்ணில் இன்னும் எளிதாகப் படுகிறது. டென்மார்க்கில் 2000இல் உப்பில் அயோடினைக் கட்டாயமாக்கிய பிறகு, டி.பி.ஓ. எதிர்ப்பொருள் உள்ளவர்கள் எண்ணிக்கை ஏறியது. ஜப்பானில் கடற்பாசியை ஏராளமாகத் தின்றவர்களில் சிலருக்கு, அதை நிறுத்திய பிறகு சுரப்பி மீண்டிருக்கிறது. கெல்ப் என்று விற்கிற கடற்பாசி கேப்ஸ்யூல்களில் அயோடின் ஒரு நாள் தேவையைப் பல மடங்கு தாண்டக்கூடும். ஆக, அயித்தை சொன்னதும் வேண்டாம், அக்கா சொன்னதும் வேண்டாம், சாதாரண அயோடின் உப்பைச் சாதாரண அளவில் போட்டால் போதும்.

இப்போது அந்தச் செலினியம். பெராக்சைடு மிச்சத்தைத் துடைக்கிற நொதிகளுக்கு அது தேவை, டி4ஐ டி3 ஆக மாற்றுகிற நொதிகளுக்கும் தேவை. காரணம் பலமாக இருப்பதால் நிறையச் சோதனைகள் நடந்திருக்கின்றன, பெரும்பாலும் தினம் 200 மைக்ரோகிராம். எதிர்ப்பொருள் எண் குறைகிறது, பல ஆய்வுகளில் அது வந்திருக்கிறது. ஆனால் நோயாளி தெளிவாகத் தேறினார், மாத்திரை தேவைப்படவில்லை என்று அவை காட்டவில்லை. மீன், முட்டை, கறியில் செலினியம் இருக்கிறது. மாத்திரையாக அளவு மீறிப் போனால் முடி கொட்டும், நகம் உடையும், அதாவது எந்தத் தொந்தரவுக்காக வாங்கினோமோ அதுவே வந்து நிற்கும்.

எனக்கு உண்மையில் பலன் தந்த உணவு விஷயம் இரும்புச்சத்துதான், அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டி.பி.ஓ. நொதியின் நடுவிலேயே இரும்பு இருக்கிறது, இரும்பு குறைந்தால் ஒட்டு வேலை மந்தமாகும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று சொல்கிறது, ரத்தசோகையின் சோர்வும் முடி உதிர்வும் தைராய்டுச் சோர்வு மாதிரியேதான் இருக்கும். ஹாஷிமோட்டோ உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு எதிர்ப்புப் படை வயிற்றின் உட்சுவரையும் தாக்கும், அப்போது இரும்பும் பி12ம் சரியாக உடம்பில் சேராது. ஆகவே டி.எஸ்.எச். சரியான பிறகும் சோர்வு போகவில்லை என்றால் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் அளவு), பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என் ஃபெரிட்டின் அடியில் கிடந்தது. பிரசவமான பெண்ணுக்கு ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) மிளகு போட்டு வறுத்துக் கொடுக்கிற நம் அப்பத்தாக்களின் பழக்கத்துக்கு நான் அந்த மாதம்தான் மனசாரத் தலை வணங்கினேன். சைவக்காரர்கள் முருங்கைக்கீரை, பருப்போடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள், இரும்பு உடம்பில் சேர அது உதவும்.

கோதுமையை நிறுத்தினால் சரியாகும் என்பது அடுத்து. சீலியாக் என்ற குடல் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமையை அறவே நிறுத்தத்தான் வேண்டும், அது ஹாஷிமோட்டோவோடு சேர்ந்து வரக்கூடியது, ரத்தப் பரிசோதனையில் தெரியும். மற்றவர்களுக்கு நிறுத்துவதால் பெரிய லாபம் நிரூபணமாகவில்லை. நம் ஊர்ச் சாப்பாட்டில் கோதுமை ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது சொல்லுங்கள்? இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், கவுனி அரிசி, தேன்குழல் எல்லாமே அரிசியும் பருப்பும்தான். ராத்திரிப் பரோட்டாவைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது, ஆனால் அதற்குக் காரணம் வேறு.

தைராய்டுக்கு ஆகாது என்கிற முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் வேக வைத்துச் சாப்பிட்டால் பயமில்லை, தினம் பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்காதீர்கள். கம்பு கொஞ்சம் வேறு மாதிரி. அதன் தவிட்டுப் பகுதியில் உள்ள சில பொருள்கள் டி.பி.ஓ.வைத் தடுக்கின்றன, வேக வைத்தாலும் முழுக்கப் போவதில்லை. சூடானில், அயோடினும் குறைவாக, கம்பே முக்கிய உணவாக இருந்த பகுதிகளில் கழுத்துக் கழலை நிறைய வந்தது. வாரத்தில் இரண்டு நாள் கம்பங்கூழ் குடிக்கிற, உப்பில் அயோடின் சேருகிற நமக்கு அது பொருந்தாது.

அமுக்கரா (அஸ்வகந்தா) பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது, அதைச் சாப்பிட்டு ஹார்மோன் மிதமிஞ்சிப் போய்ப் படபடப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறவர்களும் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், சில பரிசோதனை முறைகளில் அது டி.எஸ்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

"மாத்திரை செயற்கை, எனக்கு இயற்கைதான் வேண்டும்" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், தைராய்டு செத்துப்போன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டைச் சாறெடுத்து ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகும் 28 வருடம் வாழ்ந்தார். இன்றைய மாத்திரையில் இருப்பது நம் வளவில் செய்கிற அதே டி4, ஒரு அணு கூட வித்தியாசமில்லை. உடைந்த அறைகளை எந்தக் கீரையும் திரும்பக் கட்டுவதில்லை, குறைகிற ஹார்மோனை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். கர்ப்பமானவர்கள் தயவுசெய்து எந்த வைத்தியத்துக்காகவும் மாத்திரையை நிறுத்த வேண்டாம், முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வது அம்மாவின் ஹார்மோனை நம்பித்தான். பெரும்பாலும் அப்போது அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும்.

கடைசியாக என் காபி. மாத்திரை ஆரம்பித்து ஒரு வருடத்தில் 50 மைக்ரோகிராம் 75 ஆகி, 100 ஆகியும் டி.எஸ்.எச். 9இலேயே நின்றது. எதைச் சாப்பிட்டதால் இப்படி என்று நான் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தேன், மீன் குழம்பைக் கூட விட்டேன். அப்புறம் வேறொரு டாக்டர், "மாத்திரையை எதோடு போடுறீங்க?" என்று கேட்டார். காலையில் எழுந்ததும் டிகாக்ஷன் காபியோடுதான். காபி இந்த மாத்திரையைக் குடலில் உறிஞ்ச விடாமல் செய்யும், சோயாவும் அப்படியே, கால்சியம், இரும்பு மாத்திரைகள் என்றால் நான்கு மணி நேர இடைவெளியே வேண்டும். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காபிக்கும் பலகாரத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னால் போடச் சொன்னார். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், எந்த மாற்றமும் நிலைக்க ஆறேழு வாரம் வேண்டும் என்பதால் இரண்டு மாதம் கழித்துப் பார்த்தோம். டி.எஸ்.எச். 0.2. மருந்து கூடிப்போய்விட்டது, 75 ஆகக் குறைத்தார்.

இப்போது தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர், ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குக் காபி. போன வருடம் அயித்தைக்கும் தைராய்டு குறைவு என்று வந்து மாத்திரை ஆரம்பித்தார்கள். எழுந்ததும் காபி குடிக்காமல் அவருக்கு நடமாட்டமே கிடையாது, அதனால் டாக்டரைக் கேட்டு ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார், ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்கு வெறும் தண்ணீரில் போடுகிறார். அவர் வீட்டு ஜாடியில் இந்துப்பு தீர்ந்ததும் அயோடின் உப்பு வாங்கிக் கொட்டினேன், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.