கழுத்தில் மூடிய மதகு

2004 அக்டோபரில் கிறிஸ்டோபர் ரீவ் இறந்த செய்தி நாளிதழில் வந்திருந்தது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், தென்னை மரத்திலிருந்து விழுந்து இரண்டு ஆண்டுகளாகக் கட்டிலில் கிடந்த ஓர் அண்ணனுக்கு அதைப் படித்துக் காட்டப் போனேன். மரம் ஏறிய காலத்தில் சூப்பர்மேனாகப் பறந்த ரீவ் அவருக்குப் பிடித்த நடிகர். குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே முடங்கிப்போனவர் ரீவ் என்பதால், அண்ணன் கட்டிலில் விழுந்த பிறகு அவருக்கு உறவுக்காரர் போலவே ஆகிவிட்டார். செய்தியைக் கேட்டதும் அழுதார். கண்ணைத் துடைக்க விரல்கள் மடங்கவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டு, "எதனால் இறந்தார்?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இருவருக்கும் அடிபட்டது தண்டுவடத்தில், அதாவது மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புக் கற்றையில். அது சுமார் 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் தடிமனும் கொண்டது. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் வழிநெடுகப் பிரிந்து போகின்றன. கல்லணையிலிருந்து வரும் தண்ணீர் ஆறாகவும் வாய்க்காலாகவும் பிரிந்து கடைமடை வரை போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். கழுத்தில் பிரிபவை கைகளுக்கும், மார்பில் பிரிபவை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும், இடுப்பில் பிரிபவை கால்களுக்கும் போகின்றன. நடுவில் ஒரு மதகு மூடிக்கொண்டால் அதற்கு மேலே உள்ள வயலுக்குக் குறையில்லை. கீழே உள்ளதெல்லாம் காயும். ஆகவே தண்டுவடக் காயத்தில் முதலில் பார்க்கவேண்டியது அது எந்த உயரத்தில் பட்டது என்பதைத்தான். வேலூரில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். காயம் கைகளுக்கான நரம்புகளுக்குக் கீழே இருந்தது. அதனால்தான் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவரால் அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது.

ரீவுக்குத் தலைமதகே மூடிவிட்டது. 1995 மே 27 அன்று, வர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பரில் நடந்த குதிரைப் போட்டியில், தடுப்பைத் தாண்டாமல் குதிரை சட்டென்று நின்றது. அவர் தலைகுப்புற விழுந்தார். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் உடைந்தன. நாம் மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கீழிறங்கும் தசையான உதரவிதானத்துக்கான நரம்பு, கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் பகுதிகளிலிருந்து கிளம்புகிறது. காயம் அதற்கும் மேலே பட்டதால் மூச்சு நின்றது. இதயம் நிற்கவில்லை, துடிப்பதற்கான தாளம் அதற்குள்ளேயே இருக்கிறது. முகத்துக்கும் நாக்குக்கும் போகும் நரம்புகள் மூளையிலிருந்து நேராகக் கிளம்புபவை என்பதால் சிரிப்பும் பேச்சும் தப்பின. 1996-ல் ஆஸ்கார் மேடைக்குச் சக்கர நாற்காலியில் வந்தபோது, செயற்கை சுவாசக் கருவி தந்த மூச்சைக் கொண்டுதான் அவர் பேசினார்.

எங்கள் அண்ணனுக்கு அடிபட்டது ஆறாவது கழுத்தெலும்பில். தானே மூச்சுவிட்டார், முழங்கையை மடக்கினார், விரல்கள்தான் வரவில்லை. இருவர் காயத்துக்கும் இடையிலான தூரம் மூன்று நான்கு விரற்கடைதான் இருக்கும். அதற்குள் ஒருவருக்கு மூச்சே இயந்திரத்தின் கையில், இன்னொருவருக்கு மூச்சு சொந்தம்! ஆனால் பலமாக இருமிச் சளியைத் துப்ப வயிற்றுத் தசைகள் வேண்டும். அவை மதகுக்குக் கீழே இருப்பதால், மழைக்காலச் சளிக்குக்கூட அவர் பயந்தார்.

கையில் நரம்பு அறுந்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் மறுபடி வளரும். தண்டுவடத்தில் அப்படி வளர்வதில்லை. காயத்தில் உண்டாகும் தழும்பும், நரம்புறையில் உள்ள சில புரதங்களும் வளர்ச்சியைத் தடுக்கின்றன. விழுந்த கணத்தோடு சேதமும் முடிவதில்லை. அடுத்த சில மணி நேரத்தில் வீக்கமும் இரத்தக்கசிவும் பக்கத்து இழைகளையும் கெடுக்கும். அண்ணனை நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்தார்கள். பாசத்தில் செய்ததுதான். ஆனால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி பலகையில் கிடத்தியிருக்க வேண்டும். அப்போது இங்கே 108 கிடையாது. இப்போது இருக்கிறது, அது வரும்வரை விழுந்தவரை அசைக்காதீர்கள்.

விபத்து நடந்து ஐந்தாண்டு கழித்து, 2000-ல், ரீவ் இடது ஆள்காட்டி விரலைத் தன் விருப்பப்படி அசைத்தார். அறுபடாமல் எஞ்சிய சில இழைகள் இருந்திருக்கின்றன. 2003-ல் அவருடைய உதரவிதானத்தில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். மதகுதான் கெட்டது, வாய்க்கால் நன்றாக இருக்கிறது என்றால் ஆயில் என்ஜின் வைத்து இறைக்கலாம் அல்லவா? அப்படித்தான் மின்துடிப்பு உதரவிதானத்தைச் சுருக்கியது. சில மணி நேரமாவது கருவி இல்லாமல், மூக்கின் வழியாக அவரால் மூச்சுவிட முடிந்தது.

வாய்க்கால் உவமை இதற்கு மேல் உதவாது. தண்ணீர் கீழ்நோக்கி மட்டும் ஓடும். தண்டுவடத்தில் சேதி மேல்நோக்கியும் ஓடுகிறது. ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தோலின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நசுங்கும். நமக்கு வலிக்கும், தூக்கத்திலும் புரண்டு படுப்போம். சேதி மேலே போகாதவருக்கு வலி தெரியாது. தோல் செத்துப் புண்ணாகும், அதன் வழியே கிருமி இரத்தத்தில் ஏறும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். அத்தனை மருத்துவர்களும் செவிலியரும் சூழ இருந்த ரீவுக்கும் அந்தப் புண் வந்தது. அதன் தொற்றுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது அக்டோபர் 9 அன்று இதயம் நின்றது. நினைவு திரும்பாமலே மறுநாள் இறந்தார். வயது 52.

அன்று இதைத்தான் தயங்கித் தயங்கி, "படுக்கைப் புண் அண்ணே" என்று சொன்னேன். அவர் முதுகிலும் அப்போது ஒன்று ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கூரை ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டு, மணி என்ன என்று கேட்டார்.