கொட்டியது எந்தப் பூச்சி?

"ஏதோ பூச்சி கொட்டிடுச்சு டாக்டர்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கொடுக்கு தோலிலேயே தங்கியதா என்பதைத்தான். தங்கியிருந்தால் பெரும்பாலும் தேனீ. குளவியின் கொடுக்கு பொதுவாகத் தங்காது. திரும்பத் திரும்பக் கொட்டும். ஒவ்வாமை மருத்துவத்தில் இந்தச் சின்ன விவரம் சிகிச்சையையே மாற்றிவிடும்.

தேனீ விஷத்தின் உலர் எடையில் ஏறக்குறைய பாதி மெலிட்டின் என்ற பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு. குளவி விஷத்தில் அது கிடையாது. அங்கே இருப்பது மாஸ்டோபரான். 14 அமினோ அமிலங்களே கொண்ட சங்கிலி. ஒவ்வாமை இல்லாதவர் உடலிலும் அது ஒவ்வாமை எதிர்வினையில் பங்கேற்கும் மாஸ்ட் செல்களை நேரே தூண்டி, அரிப்பும் வீக்கமும் தரும் ஹிஸ்டமினை வெளியேற்றும். வலியைத் தூண்டக் கைனின்கள் என்ற பெப்டைடுகள் தனியாக இருக்கின்றன. கதண்டு போன்ற பெரிய குளவிகளின் விஷத்தில் நரம்புச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினும் நிறைய; அதன் கொட்டு தீயாய் எரிவது இதனாலும்தான்.

ஒவ்வாமையை உண்டாக்குபவை பெரும்பாலும் பெரிய புரதங்கள். தேனீயிடம் பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி, குளவியிடம் ஏ1. பெயரில்தான் ஒற்றுமை, கட்டமைப்பில் உறவே இல்லை. ஆன்டிஜென் 5 குளவி விஷத்தின் முக்கிய ஒவ்வாமைப் புரதம். தேனீ விஷத்தில் அது இல்லை.

முழு விஷத்தை வைத்து ஐஜிஇ-யை (ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்புப் புரதம்) அளக்கும் ரத்தப் பரிசோதனையில் பலருக்குத் தேனீ, குளவி இரண்டுமே பாசிட்டிவ் வரும். இரு விஷங்களிலும் ஹயலுரோனிடேஸ் என்ற நொதி ஓரளவு ஒத்திருக்கிறது. அதைவிட, புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் குழப்புகின்றன. அவற்றுக்கு எதிரான ஐஜிஇ பெரும்பாலும் அறிகுறி எதையும் தராது. அந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பி விஷ இம்யூனோதெரபி (விஷத்தைச் சிறிது சிறிதாக ஊசியில் ஏற்றி உடலைப் பழக்கும் சிகிச்சை) தொடங்கினால், மூன்றிலிருந்து ஐந்து வருடம் தேவையில்லாத ஊசியைப் போட்டுக்கொண்டிருக்க நேரலாம். அதனால் ஆன்டிஜென் 5, ஏ1, ஏ2 என்று புரதம் புரதமாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். குளவிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு: கதண்டின் புரதங்கள் மஞ்சள் குளவியினுடையதோடு நெருங்கியவை, காகிதக் குளவியினுடையவை கொஞ்சம் விலகியவை.

மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் பரிசோதனைக்கெல்லாம் நேரமில்லை. தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி, உடனே. அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது.

அப்புறம், கூட்டமாகக் கொட்டினால் ஒவ்வாமையே வேண்டாம், விஷத்தின் அளவே போதும். தசையும் ரத்தச் சிவப்பணுக்களும் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஓரிரு நாள் கழித்துக்கூட இது தெரியவரும். பல கொட்டு வாங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சிறுநீர் கறுத்து வருகிறதா, அளவு குறைகிறதா என்று பாருங்கள்.